ஆரஞ்சு வயர்

ஜூன் 5

இந்த டைரி ஆறு வருடத்துக்கு முந்தையது. உதிரிபாக மொத்த வியாபாரி ஒருவர் இலவசமாகக் கொடுத்தது. தேதி சரியாக வரும், கிழமை பொருந்தாது. எனக்கு எதுதான் பொருந்தியிருக்கிறது, கிழமை பொருந்துவதற்கு.

இன்று பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் டாக்டரைப் பார்த்தோம், நானும் பவளக்கொடியும். டாக்டர் பெயர் அஸ்மா. முப்பது வயதுகூட இருக்காது. என் இடது காலைத் தூக்கி மடியில் வைக்காத குறையாகப் பார்த்தார். கட்டைவிரல் நுனியில் ஒரு மாதமாக ஆறாத புண். பக்கத்து விரல் நாவல்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் குடிப்பீங்க?"

"ஒரு பத்து இருக்கும்."

"ரெண்டு பாக்கெட்டு டாக்டரம்மா" என்றாள் பவளக்கொடி. சாட்சி சொல்லவே கூட வந்தவள்போல.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு சுகர் இல்ல, கொழுப்பு இல்ல. இது புகையிலையால மட்டும் வர்ற நோய். கால்ல ரத்தக்குழாய் சுருங்கி அடைச்சுக்கிட்டே வருது. இன்னைக்கே நிப்பாட்டுனா விரலோட போயிரும். அதுகூட போகாம இருக்கலாம். நிப்பாட்டலைன்னா காலை எடுக்கணும். எந்த ரூபத்துலயும் கூடாது. புரியுதா?"

புரிந்தது. நாற்பத்தாறு வயதில், இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இது புரியாதா? தினமும் எத்தனை குடித்தேன் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லி நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கச் சொன்னார். பவளக்கொடி ஆஸ்பத்திரி வாசலிலேயே வாங்கிவிட்டாள்.

திருமங்கலம் பஸ் திருநகர் தாண்டியதும் பவளக்கொடி சொன்னாள்: "நீங்க அத விடுங்க. நான் டீய விடுறேன்."

"உன்னைய யாரு விடச் சொன்னா? ஒனக்கென்ன காலா அழுகுது?"

"ஒத்தையா விடுறது கஷ்டம்ல. சேந்து விடுவோம்."

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் ஆறு டம்ளர் டீ. சோறில்லாமல் இருப்பாள், டீ இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு நாள்கூடத் தாங்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 6

நோட்டில் பூஜ்யம் எழுதினேன். பவளக்கொடி விளக்கு முன்னால் கொண்டுபோய், அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். ஒவ்வொரு நாளும் வைப்பாளாம். பரீட்சை பேப்பரா இது, பொட்டு வைக்க?

அவளுக்குத் தலைவலி. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கினாள்.

ஜூன் 8

பூஜ்யம். பிரிண்டர் சரிபார்க்க வந்த வாத்தியாரிடம் சண்டை. "மை போடாம பிரிண்டர் வாங்குனா அது என்ன அச்சடிக்கும், ஒங்க மூஞ்சியவா?" என்று கேட்டுவிட்டேன். நல்ல மனுசன். பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்க்ரூ டிரைவர் கையில் நிற்கவில்லை. எதிர்த்த பெட்டிக்கடைக்காரன் என்னைப் பார்த்ததும் கை தானாகப் பாக்கெட்டை எடுக்கிறது, பிறகு வைத்துவிடுகிறான். பவளக்கொடி அவனிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஊரில் இன்னும் சொல்லாத ஆள் யார் என்று தெரியவில்லை.

ஜூன் 13

ஏழு நாள், ஏழு பூஜ்யம், எல்லாமே நிஜம். இதை இங்கே எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாரும் என்னை முயற்சி செய்யாதவன் என்று சொல்லக் கூடாது.

என் மச்சினன் கர்ணன் மலேசியாவிலிருந்து லீவில் வந்திருக்கிறான். கடைக்கு வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றான். சொன்னேன். பையிலிருந்து பேனா போல ஒன்றை எடுத்தான். எலக்ட்ரானிக் சிகரெட்.

"இதுல பொகையே இல்ல மச்சான். வெறும் ஆவி. நெருப்பு கெடையாது, சாம்பல் கெடையாது, நாத்தம் கெடையாது. அங்கிட்டு எல்லாப் பயலும் இதுலதான் சிகரெட்ட விடுறாய்ங்க."

"இங்க தடை பண்ணிருக்காங்கடா."

"தடை பண்ணாத நல்லது எது இருக்கு? அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அதுக்கு வெளக்கம் சொல்லி முடியாது."

இரண்டு பாட்டில் திரவமும் கொடுத்தான். மாம்பழ வாசனை. பாட்டிலில் 18 என்று போட்டிருக்கிறது. பதினெட்டு வயசுக்கு மேல்தான் குடிக்க வேண்டும் என்பதற்காக இருக்கும்.

மூன்று இழுப்பு இழுத்தேன். ஐயோ, ஏழு நாளாக என் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனான்.

சாயங்காலம் நோட்டில் பூஜ்யம்தான். சிகரெட் எத்தனை என்றுதான் கேட்டார்கள். நான் சிகரெட்டைத் தொடவே இல்லை.

ஜூன் 14

பவளக்கொடி சட்டையைத் துவைக்க எடுக்கும்போது முகர்ந்து பார்த்தாள். எனக்கு உயிர் போய்விட்டது.

"மாம்பழம் தின்னீங்களா?"

"ஆமா. வாய் நமநமன்னு இருந்துச்சு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "நல்ல வேலை செஞ்சீங்க. அந்த நெனப்பு வர்றப்பல்லாம் ஒரு துண்டு வாயில போட்டுக்கங்க" என்றவள் உடனே கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கிலோ கல்லாமை மாம்பழம் வாங்கி வந்தாள். இனிமேல் தினம் இரண்டு பழம் அறுத்து டப்பாவில் கொடுத்துவிடுவாளாம்.

அவளுக்குத் தலைவலி குறைந்திருக்கிறதாம். டீ வாசனை வந்தால் மட்டும் வாயில் எச்சில் ஊறுகிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஜூன் 18

கர்ணன் ஊருக்குப் போய்விட்டான். அவன் விமானம் ஏறின அன்றைக்கே பேனாவின் பேட்டரி ஊதிப் பொம்மிவிட்டது. மலிவு சரக்கு. பொம்மிய பேட்டரியைத் தொடுவது பாம்பைத் தொடுகிற மாதிரி. கழற்றி மணல் வாளியில் போட்டேன். புதிது வாங்க வழியில்லை. தடைசெய்த சாமானுக்கு எவனிடம் போய் உதிரி கேட்பது?

காலையில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு மணிக்கு அலமாரியில் கிடந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு மூலையில், காற்றாடியோடு உட்கார்ந்து கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அதிலிருந்து வாழைத் தார்போல வயர்க் கொத்து தொங்கும். மஞ்சளில் பன்னிரண்டு வோல்ட், சிவப்பில் ஐந்து, ஆரஞ்சில் மூன்று சொச்சம். பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு காகிதக் கிளிப்பால் சேர்த்துவிட்டால் கம்ப்யூட்டரே இல்லாமல் பெட்டி ஓடும். எந்த மெக்கானிக்குக்கும் இது தெரியும்.

பேட்டரி கழற்றிய பேனாவை முதலில் சிவப்பில் கொடுத்தேன். திரவம் ஊறியிருந்த உள்பஞ்சு கருகி, வாயில் முடி பொசுங்கின நாற்றம். ஆரஞ்சுக்கு மாற்றினேன். ஆகா. கர்ணன் கொடுத்த பேட்டரியைவிடப் பிரமாதம். பேட்டரி இறங்க இறங்க இழுப்பும் இறங்கும். இது இறங்கவே இறங்காது. மின்வாரியம் இருக்கும்வரை இழுக்கலாம்.

இத்தனை வருடத்தில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே சாதனம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 23

ஒரு குறை. வயர் இரண்டரை அடிதான். இழுக்க வேண்டுமானால் மேஜையோடு ஒட்டி உட்கார வேண்டும். அதற்காகவே ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்கிறேன். சிகரெட் என்றால் எழுந்து வாசலுக்காவது போவேன். இப்போது அதுவும் கிடையாது. முளைக்குச்சியில் கட்டின ஆடு.

நடக்காதது நல்லதுதான். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறக்கிறேன். "அவரு இப்பத்தான் தொழில்ல அக்கறையா இருக்காரு" என்று பவளக்கொடி பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை.

ஜூலை 3

ஆஸ்பத்திரி. டாக்டர் அஸ்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். புண் பெரிதாகியிருக்கிறது. இரண்டாவது விரல் நுனி கறுத்துவிட்டது.

"உண்மையச் சொல்லுங்க. நிப்பாட்டிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பவளக்கொடி பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பாருங்க டாக்டரம்மா. இருபத்தேழு நாளு. ஒண்ணுகூட இல்ல. நான் தெனம் பாத்துப் பொட்டு வச்சிருக்கேன். பெட்டிக்கடையிலயும் கேட்டேன், அந்தப் பக்கமே வர்றதில்லையாம். மாம்பழந்தான் திங்கிறாரு."

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசியில் சிரித்தார். "இந்த மாதிரி ஒரு சம்சாரம் எல்லாருக்கும் கெடைக்காது" என்று என்னிடம் சொன்னார். பிறகு, சில பேருக்கு மருந்து பிடிக்க நாளாகும், வேறு மாத்திரை எழுதுகிறேன் என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? சிகரெட்டை விட்டது உண்மைதானே?

ஜூலை 10

இன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்குவரை ஊரெங்கும் மின்தடை. நேற்றே பேப்பரில் போட்டிருந்தான், நான் கவனிக்கவில்லை.

ஸ்டூடியோ அல்போன்ஸின் ஹார்ட் டிஸ்க் ஒன்று கடையில் இருந்தது. சாகக் கிடக்கிற டிஸ்க். மூன்று கல்யாணத்தின் படங்கள் அதில் இருக்கின்றன. இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு டிஸ்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் நின்றால் மறுபடி மூச்சு விடாது. யு.பி.எஸ்ஸில் ஓடியது. கணக்குப் பார்த்தால் யு.பி.எஸ் ஒரு மணி நேரம் தாங்கும், வேலை முக்கால் மணியில் முடிந்துவிடும்.

ஒன்பதேகாலுக்கு ஆரஞ்சு வயர் பெட்டியை அதே யு.பி.எஸ்ஸில் செருகினேன். ஐந்து நிமிடம்தான் என்று செருகினேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. யு.பி.எஸ் கத்த ஆரம்பித்தது. கத்துவது காதில் விழுந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தேன். எல்லாம் அணைந்தது.

அல்போன்ஸ் சாயங்காலம் வந்தார். "டிஸ்க் ஏற்கெனவே செத்துப்போச்சு அண்ணே, நான் என்ன செய்ய" என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அதுல ஒரு பொண்ணோட அப்பா, கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே செத்துட்டாருப்பா. கடைசிப் படம் அதுலதான் இருக்கு" என்றார். அவர் முழங்கை என் பெட்டிமேல் பட்டுக்கொண்டிருந்தது. "கடை பூராம் என்னப்பா மாம்பழ வாசம்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார்.

நோட்டில் பூஜ்யம். பொட்டு.

ஜூலை 19

கால் வலி படுக்கவிட மாட்டேன் என்கிறது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் கொஞ்சம் தேவலை. பவளக்கொடி தரையில் உட்கார்ந்து, என் பாதத்தைத் தன் முட்டியில் தாங்கிக்கொண்டு அப்படியே தூங்கிவிடுகிறாள். விடிந்ததும் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள்.

காலையில் வெந்நீர் குடிக்கிறாள். டீ டம்ளரில் வெந்நீரை ஊற்றி, ஊதி ஊதிக் குடிக்கிறாள். பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

"ஒரு வாய் டீ குடிச்சாத்தான் என்ன? யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"யாரு பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? சொன்னது சொன்னதுதான."

ஜூலை 25

ஆடி வெள்ளி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். தகரத்தில் செய்த பாதம் ஒன்றை உண்டியலில் போட்டாளாம். இடது பாதம்தானா என்று கடைக்காரனிடம் மூன்று தடவை கேட்டு வாங்கினாளாம். "வலது காலக் குடுத்துத் தொலச்சிருவான், அப்பறம் ஆத்தாவுக்குக் கொழப்பமாயிரும்" என்றாள். நானும் சிரித்தேன்.

ஜூலை 30

இரண்டாவது பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம். முன்பு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை உட்கார்ந்தேன். இப்போது எழுந்திருப்பதே இல்லை. பெட்டியின் காற்றாடி நாள் முழுக்கச் சுற்றுகிறது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பதற்றமாக இருக்கிறது.

பவளக்கொடி இன்றைக்குச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நான் பழம் குடுத்துவிட்டுப் பத்து நாளாச்சு. சந்தையில கல்லாமையே இல்ல, சீசன் முடிஞ்சிருச்சு. நீங்க எங்க வாங்குறீங்க?"

"தேனிப் பக்கம் இருந்து ஒருத்தன் கொண்டாந்தான்."

"அப்பிடியா? அவன்கிட்ட எனக்கும் ரெண்டு வாங்கியாங்க" என்றாள். அவ்வளவுதான். சந்தேகப்படத் தெரியாத மனுஷியோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கொடுமை என்று யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 4

மூன்று விரல் கறுப்பு. பாதம் ஐஸ்கட்டி. கடையில் ஸ்டூலிலிருந்து எழுந்தேன், கால் என்று ஒன்று கீழே இல்லாதது மாதிரி விழுந்தேன். பெட்டிக்கடைக்காரன்தான் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றினான். ஷட்டரை அவனே இழுத்துப் பூட்டினான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி, டைரியில் பிற்பாடு ஒட்டினேன்.

ஆகஸ்ட் 5

டாக்டர் அஸ்மா வந்து பார்த்தார். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் போகச் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

காப்பீட்டு அட்டை கடை மேஜை டிராயரில் இருந்தது. எடுத்து வருகிறேன் என்று பவளக்கொடி கிளம்பினாள். வேண்டாம், பெட்டிக்கடைக்காரனை அனுப்பலாம் என்றேன். "அவனுக்கு எது என்னன்னு தெரியுமா?" என்று போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. துணிப்பையைக் கட்டிலில் வைத்து அட்டையை எடுத்தாள், சார்ஜரை எடுத்தாள், இந்த டைரியை எடுத்தாள். டைரியைப் பிரிக்கவில்லை. அடுத்தவர் எழுத்தைப் படிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் எழுதியதில் அவள் படித்தது அந்தப் பூஜ்யங்களை மட்டும்தான்.

"நீங்க ஒரு பெட்டிய நிப்பாட்டாமயே வந்துட்டீங்க. ரெண்டு நாளா காத்தாடி சுத்திக்கிட்டே கெடக்கு. நான்தான் சுவிட்ச அமத்துனேன்."

"சரி."

"அதுல பேனா மாதிரி ஏதோ ஒண்ணு தொங்குச்சு. யாரோ ரிப்பேருக்குக் குடுத்த சாமான் போலன்னு நெனச்சேன். கீழ விழுந்து ஒடஞ்சா ஒங்களத்தான கேப்பாங்க? கழட்டிப் பழ டப்பாவுல போட்டுப் பத்திரமா எடுத்தாந்துட்டேன்."

பையின் அடியில் அந்த டப்பா தெரிந்தது. தினம் மாம்பழம் அறுத்துக் கொடுத்த அதே டப்பா. "அங்கயே வச்சிருக்கலாம்ல" என்றேன். 

ஆகஸ்ட் 7

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு டாக்டர் அஸ்மா வந்தார். கையில் பரிசோதனை முடிவு. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். "சோலைமலை, உங்க சிறுநீர்ல நிக்கோடின் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் குடிக்கிறவருக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு."

பவளக்கொடி எழுந்து நின்றுவிட்டாள். "வேற யாரு சீட்டையோ மாத்திக் கொண்டாந்துட்டீங்க டாக்டரம்மா."

"இல்லம்மா. ரெண்டு தடவை பாத்தாச்சு."

"அறுவத்து மூணு நாளா அவரு தொடல!" அவள் குரல் அந்த வார்டின் கடைசி வரைக்கும் போனது. நோட்டை எடுத்துப் பிரித்து டாக்டர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இங்க பாருங்க. இந்தப் பொட்டுப் பூராம் நான் வச்சது. சாமி முன்னாடி வச்சது. எம் புருசன் கோவக்காரரா இருக்கலாம், பொய் சொல்ற ஆளு கெடையாது. மெசினுதான் தப்பாச் சொல்லுது. வேற டெஸ்ட் எடுங்க. எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்!"

 பக்கத்துக் கட்டில் கிழவர், "அந்தம்மா சொல்றது நெசந்தாம்மா, பாவம்" என்றார். நான் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அம்மா, சிகரெட் மட்டுமில்ல. மூக்குப்பொடி, வாயில அடக்குறது, பாக்கு, எதுல இருந்தாலும் வரும். இப்ப எலக்ட்ரானிக் சிகரெட்னு ஒண்ணு இருக்கு. பேனா மாதிரி இருக்கும். அதுல பழ வாசனையெல்லாம் போட்டு விக்கிறாங்க. வாசனைதான் பழம், உள்ள இருக்கறது நிக்கோடின். ரத்தக்குழாய்க்கு எல்லாம் ஒண்ணுதான்."

பவளக்கொடி நோட்டை மெதுவாக மூடினாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பையை எடுத்தாள், டப்பாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள்.

"இதுவா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

ஆரஞ்சு வயர் அதில் ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. மாம்பழ வாசனை அடித்தது.

ஆகஸ்ட் 8

காலையில் ஆபரேஷன். முழங்காலுக்குக் கீழே. சம்மதக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

ஆகஸ்ட் 12

இல்லாத விரல் அரிக்கிறது. சொறிய இடமில்லை.

18 என்பது வயதில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். கடையில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு எத்தனை லேபிள் படித்துச் சொல்லியிருக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் நிக்கோடின் என்று போட்டிருந்தது. கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொள்வேன். கடையில் நான் தனி ஆள். யாரிடமிருந்து மறைத்தேன்?

ஆகஸ்ட் 13

பவளக்கொடி எல்லாம் செய்கிறாள். துடைக்கிறாள், சட்டி எடுக்கிறாள், கஞ்சி கொடுக்கிறாள், மாத்திரை பிரித்துத் தருகிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. இருபது வருடமாக நான் ஒன்று சொன்னால் பத்து சொல்கிறவள். திட்டு புள்ள, வாய்விட்டுத் திட்டித் தொலை என்று இன்று கெஞ்சிப் பார்த்தேன்.

"என்னத்த திட்ட? தலைய நிமித்துங்க, தலகாணி சரியில்ல" என்றாள்.

ஆகஸ்ட் 16

நாலு மணிக்கு வார்டுக்கு டீக்காரர் வந்தார். தூக்குவாளி, காகிதக் கோப்பைகள். தினமும் வருகிறவர். தினமும் பவளக்கொடி கையை ஆட்டி வேண்டாம் என்று அனுப்பிவிடுவாள். ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இன்று அவரைக் கூப்பிட்டாள். "ஒரு டீ குடுங்கண்ணே. சக்கர தூக்கலா."

ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வாயாக, ஜன்னல் பக்கம் பார்த்தபடி குடித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"இத்தன நாள்ல ஒரு தடவகூடக் குடிக்கலையா?" என்று கேட்டேன். குடித்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, திருட்டுத்தனமாக, ஒரு வாயாவது.

"ஒரு நாள் வச்சேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. "பள்ளிக்கூடத்துல மண்ட இடி தாங்காம டீச்சரம்மா குடுத்தாங்க. வாயில வச்சேன். ஒங்க காலு நெனப்பு வந்துச்சு. சாக்கடையில துப்பிட்டு வாயக் கொப்புளிச்சேன்."

கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டாள். "இன்னொண்ணு குடுங்கண்ணே" என்று டீக்காரரைத் திரும்பக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 29

வீட்டுக்கு வந்து ஐந்து நாள். கட்டிலை முன் அறையில் போட்டிருக்கிறாள், கக்கூஸ் பக்கம் என்பதால். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருக்கிறது. கர்ணன் போனில் அழுதான். "நான் நல்லதுன்னுதான் மச்சான்..." என்றான். போனை வைத்துவிட்டேன். அவனா பெட்டியில் வயரைக் கட்டினான்?

அல்போன்ஸ் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். ஆப்பிள்தான். டிஸ்க் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஆப்பிளைக் கட்டிலில் வைத்துவிட்டு, பவளக்கொடியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 2

தலையணை உறைக்குள் கை விட்டபோது அந்த நோட்டு தட்டுப்பட்டது. டாக்டர் வாங்கச் சொன்ன நாற்பது பக்க நோட்டு. அவள்தான் வைத்திருக்க வேண்டும். என்ன இது என்று கேட்டேன்.

"இன்னும் பக்கம் மிச்சம் இருக்கு. வேஸ்ட்டாப் போக வேணாம்" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். முதல் ஆறு பக்கம் முழுக்கப் பூஜ்யங்களும் பொட்டுகளும். குங்குமம் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. அதில் முதல் ஏழு நாளுக்கும், அப்புறம் வந்த நாட்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாப் பொட்டும் ஒரே அளவு.

இன்றைய தேதியைப் போட்டு, எதிரில் பூஜ்யம் எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து ஒரு இழுப்பு இல்லை, இது நிஜம், காலின்மேல் சத்தியமாக. எந்தக் காலின்மேல் என்று கேட்காதீர்கள்.

நோட்டை விரித்து, அவள் கண்ணில் படும்படி கட்டில் ஓரத்தில் வைத்தேன். விளக்கேற்ற வந்தாள். திரியைத் தூண்டினாள், கும்பிட்டாள், தன் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். கட்டிலைத் தாண்டிப் போனாள். அடுப்படியில் டீ கொதிக்கும் வாசனை வந்தது. டம்ளரில் ஆற்றுகிற சத்தம் கேட்டது.

நோட்டு அப்படியே விரிந்து கிடக்கிறது. பொட்டு இல்லை.